ஒரு கீறல்கூட இல்லை

உங்கள் தாடையில், இடது காதுக்குச் சற்றுக் கீழே, கொஞ்சம் முடி விட்டுப்போயிருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவசரமாகச் சவரம் செய்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த இடம்தான் டிமிக்கி கொடுக்கும். கன்னத்தை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு ரேசரை ஓட்ட வேண்டும். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாதவர்கள் கண்ணாடியை நம்பி ஏமாந்துபோவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மேஜைமேல் பரப்பி வைத்திருக்கிறீர்களே, இந்தப் படங்கள் எங்கள் அப்பாவின் எண்பதாவது பிறந்தநாள் அன்று எடுத்தவை. எடுத்தவர் என் தங்கையின் கணவர். பாருங்கள், பாதிப் பேருக்குத் தலை இல்லை, மீதிப் பேருக்குக் கால் இல்லை. பலூன்கள் மட்டும் முழுசாக விழுந்திருக்கின்றன. மாப்பிள்ளை நல்ல மனிதர்தான். ஆனால் கேமராவைக் கையில் எடுத்தால் மனிதருக்கு வேறு புத்தி வந்துவிடும்.

நான் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் அப்பா போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஊரில் யாருக்குக் கல்யாணம் ஆனாலும், குழந்தை பிறந்தாலும் அவர் முன்னால் வந்து நிற்காமல் தீராது. பெரிய முக்காலிக் கேமரா, கறுப்புத் துணி, உட்காருகிறவர்களுக்கு உயரமான முதுகு வைத்த நாற்காலி. அந்த நாற்காலிக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பி நிற்கும். அதன் நுனியில் இருக்கும் கவ்வி, வருகிறவர்களின் தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும், ஆடாமல் இருக்க. முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. "கேமரா வெளியே வந்தா மூச்சுகூட விடக் கூடாது" என்பது அப்பாவின் சட்டம். வீட்டிலும் அதே சட்டம்தான். நானும் தங்கையும் சிறுவயதில் பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் மெழுகுவத்தி உருகி வழிகிற வரைக்கும் சிலைபோல நிற்போம். அசைந்தால் பின்மண்டையில் ஒன்று விழும். படம் எடுத்து முடிகிற வரைக்கும் ஒருவரை ஒருவர் தொடக் கூடாது, உடை கசங்கும், பவுடர் கலையும். எங்கள் குடும்பத்தில் கொண்டாட்டம் என்றாலே அப்படித்தான். மாமன் மகன்கள், அத்தை மகள்கள் வரைக்கும் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தைப் போட்ட மனிதருக்கே ஒரு குறை உண்டு. கேமராவுக்குப் பின்னால் இருக்கும் வரைதான் அவர் சிங்கம். முன்னால் வந்து உட்கார்ந்து ஃபிளாஷ் அடித்தால் போதும், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். ஒரு படம் தப்பாது. அவருடைய கல்யாணப் படத்திலேயே தூங்குகிற மாப்பிள்ளையாகத்தான் இருப்பார். அம்மா உயிரோடு இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தக் குறையைத் தீர்த்தவன் நான். ஸ்டூடியோவில் எனக்கு டச்சிங் வேலை. மருவை எடுப்பேன், சுருக்கத்தை நீக்குவேன், மெல்லிய தூரிகையால் சோடைபோன புருவத்தை நிறைப்பேன். அப்பாவின் மூடிய இமைகள்மேல் கண்களை வரைந்தவனும் நான்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற கறுப்பு வெள்ளைப் படங்களில் அப்பா உங்களை நேராகப் பார்ப்பார். அத்தனையும் என் கைவேலை. பொய் என்பீர்கள். கோணல் தொப்பியை நேராக்கிக்கொண்டு தெருவில் இறங்குகிறீர்களே, அதுவும் பொய்தானா?

பக்கவாதம் வந்து அப்பாவின் வலப்பக்கம் விழுந்த பிறகு அவரைப் பார்த்துக்கொண்டது நான் ஒருவன்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கைக்குக் குடும்பம் இருந்தது. மற்றவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. தினமும் காலையில் அப்பாவை அந்த ஸ்டூடியோ நாற்காலியில் உட்காரவைப்பேன். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து முகத்தில் போர்த்துவேன். முடி மிருதுவாக வேண்டுமானால் அவசரப்படக் கூடாது. பிறகு கிண்ணத்தில் சோப்பைக் குழைத்து, பிரஷ்ஷால் நுரை கட்டி, புது பிளேடு மாட்டி, மேலிருந்து கீழாக. பிறகு படிகாரம், பவுடர், தலைக்கு வாசனை எண்ணெய், கண்ணுக்குச் சொட்டு மருந்து, காதோரம் கொஞ்சம் சென்ட். வருகிறவர்கள் எல்லோரும் "மாப்பிள்ளை மாதிரி இருக்காரே" என்பார்கள். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

மணிக்கட்டில் தழும்பு இருந்ததா? இருந்தது. அம்மாவின் பழைய பட்டு ரிப்பன் பட்ட தடம் அது. சவரம் முடிகிற வரைக்கும் அவருடைய இடது கையை நாற்காலிக் கையோடு சேர்த்துக் கட்டுவேன். அந்தக் கை சும்மா இருக்காது, ரேசரைத் தட்டிவிடப் பார்க்கும். சில நாட்கள் அவிழ்க்க மறந்துபோயிருக்கலாம். தங்கை வாங்கிக் கொடுத்த கைமணியையும் நான்தான் எடுத்து அலமாரியில் வைத்தேன். எப்போது பார்த்தாலும் அடித்துக்கொண்டே இருந்தார். காதுக் கருவியும் அங்கேதான் இருந்தது. ஒன்றும் கேட்காமல் இருப்பது வயதானவர்களுக்கு நிம்மதி. நான் பக்கத்தில் குனிந்து பேசினால் அவருக்குக் கேட்கும், அது போதும்.

பேச்சு. ஆமாம், வாதத்தோடு போன பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. போனில் கேட்டால், "அப்பாவால முடியலை" என்று வைத்துவிடுவேன். எப்பேர்ப்பட்ட குரல் அவருடையது. வாயோரம் எச்சில் வழிய அவர் குழறுவதை நாலு பேர் கேட்டுச் சிரிப்பதற்கா நான் இவ்வளவு பாடுபட்டேன்? உடைந்ததை வெளியே காட்டாமல் இருப்பதுதான் என் தொழில்.

ஒருநாள் பிளேடு வாங்க நான் கடைக்குப் போயிருந்தபோது தங்கை சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். திரும்பி வந்தால் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருக்கிறாள். முகம் அழுது வீங்கியிருந்தது. ரிப்பன் அவிழ்ந்து தரையில் கிடந்தது.

"அப்பா கையில என்னண்ணா கோடு?"

"வாட்ச் பட்டை."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் வளர்ந்தவள் அல்லவா, பார்த்ததைப் பார்க்காததுபோல இருக்கத் தெரியும். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீயும் பாவம்ணா. எத்தனை வருஷமா ஒத்தை ஆளா அல்லாடறே. பிறந்தநாளை இங்கேயே எல்லாரும் சேர்ந்து கொண்டாடிடுவோம். அன்னைக்கே நான் அப்பாவை என்கூட கூட்டிட்டுப் போறேன். நீ கொஞ்சம் ஓய்வெடு."

நான் தலையாட்டினேன். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் காலையைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறேன் என்று ஒருத்தி சிரித்த முகத்தோடு சொன்னால் அதற்கு என்ன பதில் சொல்வது? எழுந்ததும் எனக்கு என்ன வேலை இருக்கும்? எனக்கென்று அந்த ஒரு முகம்தான் இருந்தது.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் தங்கையும் மாப்பிள்ளையும் பலூன், கலர் காகிதத் தோரணம், குழந்தைகளுக்கான கூம்புத் தொப்பி எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். கூடவே மினுங்கும் தாளில் சுற்றிய ஒரு பரிசுப் பெட்டி. நான் அதைப் பிரித்தேன். திரும்பவும் சுற்றி வைத்தேன், மடிப்புக்கூட மாறவில்லை. உள்ளே இருந்தது கரண்டில் ஓடுகிற ஷேவர். பெட்டிமேல் ஒருவன் கண்ணாடிகூடப் பார்க்காமல் பல்லைக் காட்டிக்கொண்டு கன்னத்தில் அதை ஓட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் வேண்டாம், சோப்பு வேண்டாம், துண்டு வேண்டாம். நான் வேண்டாம். எனக்கு வலித்தது, ஐயா. அதை மறைக்கப் போவதில்லை.

பிறந்தநாள் அன்று காலையில், சவர நேரத்தில், அப்பா போய்விட்டார். எப்படி என்று பிறகு சொல்கிறேன். நீங்கள் அவசரப்பட்டு எழுத வேண்டாம்.

நான் கூச்சல் போடவில்லை. தெருவில் ஓடவில்லை. அவர் நாற்காலியில்தான் இருந்தார், அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். நேரம் ஆக ஆக உடம்பு தானாகவே அந்த வாகில் நின்றுவிட்டது. சாம்பல் நிறக் கோட்டு, விறைப்பான காலர், டை. காலர் தாடையைத் தாங்கிக்கொண்டது. தலையை அவருடைய சொந்தக் கவ்வியே பிடித்துக்கொண்டது. எத்தனையோ பேரை அதில் மாட்டி வைத்தவர். கைகள்மேல் சால்வையைப் போர்த்தினேன். கன்னத்தில் பவுடருக்கு அடியில் ரோஸ் நிறத்தைக் கொஞ்சம் தேய்த்தேன். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் கலர் கொடுத்த பழக்கம் கைகொடுத்தது. கண்களைத் திறந்து வைத்தேன், சொட்டு மருந்து விட்டேன். மூக்குக் கண்ணாடியை மாட்டினேன்.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். கூடம் நிறைந்துவிட்டது. "அப்பாவுக்கு லேசா சளி இருக்கு, படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் யாரும் தொடாதீங்க, பவுடர் கலைஞ்சிடும்" என்றேன். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. கேமரா வெளியே இருந்தது, அப்பா அசையாமல் இருந்தார். பின்னே எப்படி இருப்பார்? ஒவ்வொரு குடும்பமாக வந்து நாற்காலியின் இரண்டு பக்கமும் நின்றது. படத்துக்கு நிற்கிறவர்கள் கேமராவைத்தான் பார்ப்பார்கள், ஐயா. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க மாட்டார்கள். ஸ்டூடியோவில் வாழ்நாள் முழுக்க நான் பார்த்தது இது.

அப்பாவின் அக்கா, எங்கள் பெரியத்தை, அவருக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பழைய சண்டை ஒன்றை ஆரம்பத்திலிருந்து எடுத்துப் பேசினாள். பேசி முடித்துவிட்டு எழுந்து வந்து என்னிடம் சொன்னாள்.

"இன்னைக்குத்தான்டா உங்கப்பன் குறுக்கே பேசாம நான் சொன்னதைக் கேட்டான். வயசானா புத்தி வரத்தான் செய்யுது."

பிறகு ஒரு துண்டு கேக்கை அவர் உதட்டில் வைத்து அழுத்தப் பார்த்தாள். நான் கிரீமைத் துடைத்துவிட்டு, "டாக்டர் இனிப்பு கூடாதுன்னுட்டார் அத்தை" என்றேன். அந்தத் துண்டை அவளே சாப்பிட்டாள். மெழுகுவத்தியை அப்பா சார்பில் நான் குனிந்து ஊதினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

பரிசுகளைப் பிரிக்கிற நேரம் வந்தது. மாப்பிள்ளை அந்த ஷேவரைச் சுவர் பிளக்கில் மாட்டி ஓடவிட்டார். "இனிமே சின்னப் பாப்பாகூட தாத்தாவுக்கு ஷேவ் பண்ணிடலாம்" என்று சொல்லிக்கொண்டே அதை அப்பாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். குழந்தைகள் சிரித்தார்கள்.

"காலையிலதான் பண்ணினேன் மாப்பிள்ளை. ஒரு முடி இருந்தா காட்டுங்க" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். முகத்துக்கு நேராகப் பார்த்தார், ஐயா. "அசல் கைதான், மச்சான்" என்று சொல்லி ஷேவரை அணைத்துவிட்டார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அத்தனை பேரில் ஒருவராவது அவருடைய நாடியைப் பிடித்தார்களா? நான்தான் குற்றவாளி என்கிறீர்கள். அவரைச் சுற்றி நின்று பாட்டுப் பாடினவர்களை எந்த அறையில் உட்காரவைத்துக் கேட்கப்போகிறீர்கள்?

தங்கையைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவள் ஒருத்திதான் எனக்குக் கவலையாக இருந்தாள். அப்பாவால் பேச முடியும் என்று, நான் கடைக்குப் போயிருந்த அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வந்ததும் வராததுமாக அவர் பக்கம் போனாள். நான் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன்.

"அப்பா உன்மேல கோபமா இருக்கார். வர மாட்டேங்கறார். மனசு மாறிட்டார் போல. இன்னைக்கு எதுவும் கேட்டு அவரை அழவைக்காதே. எல்லார் எதிரிலேயும் அசிங்கமாயிடும்."

அவள் முகம் அப்படியே சுருங்கிப்போனது. கொண்டாட்டம் முடிகிற வரைக்கும் தட்டுகளைக் கழுவிக்கொண்டே அழுதாள். குடும்பப் படத்தில் பாருங்கள், இதோ, ஓரத்தில் நிற்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. போகும்போது வாசலில் நின்று, "அப்பா, காலைல வரேன்பா. அப்போவாவது என்கிட்ட பேசுப்பா" என்றாள். அப்பா பேசவில்லை. அவள் நாலு எட்டு உள்ளே வந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். அவள் வரவில்லை. அது என் தப்பா?

மறுநாள் காலையில் அவள் வந்தபோது, நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்று அடம்பிடித்து அங்கேயே தூங்கினார், தூக்கத்திலேயே போய்விட்டார் என்றேன். டாக்டர் வந்தார், வயதைக் கேட்டார், வாதம் வந்த உடம்பு என்றார், கையெழுத்துப் போட்டார். எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிறந்தநாளைப் பார்த்துட்டுத்தான் போனார், எல்லாம் உன் புண்ணியம்" என்றார்கள். தங்கை மட்டும் என்னிடம் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாள், "அப்பா கோபத்தோடவேவா போனார்?" என்று. ஆமாம் என்றேன். இல்லை என்றால் மேலே கேள்வி வரும்.

நான் எங்கே தவறினேன் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நானே சொல்கிறேன், ஏனென்றால் அது பயத்தால் வந்த தவறு இல்லை, தொழிலால் வந்தது. கண்களை மூடியே விட்டிருந்தால், "வழக்கம்போல அப்பா கண்ணை மூடிட்டார்" என்று எல்லோரும் சிரித்துவிட்டு ஆல்பத்தில் ஒட்டியிருப்பார்கள். ஆனால் என் கை சும்மா இருக்குமா? மூடிய கண்ணைத் திறந்தே பழகிய கை. ஒரு படத்திலாவது தூரிகை படாமல் அவர் நேராகப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

தங்கை படங்களைக் கடையிலிருந்து நேராக வாங்கிக்கொண்டு வந்தாள். கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள்.

"அண்ணா, அப்பா ஒரு படத்துலகூட கண்ணை மூடலை."

அவள் எழுந்து போய்ச் சுவரில் இருந்த கல்யாணப் படத்தை இறக்கினாள். சட்டத்தைக் கழற்றினாள். விரலை நாக்கில் தொட்டு அப்பாவின் கண்மேல் வைத்துத் தேய்த்தாள். நான் வரைந்த கண் கரைந்து விரலோடு வந்தது. அடியில் மூடிய இமை இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் உங்களிடம் வந்தாள். என் வேலையை யாரும் அதுவரை அழித்ததில்லை.

இனி அந்தக் காலை. மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. ரிப்பனைக் கட்டிவிட்டு நான் சோப்புக் குழைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பேசினார். குழறல்தான், ஆனால் எனக்குப் புரியும்.

"சாயங்காலம் எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்."

"என்னப்பா சொல்லப்போறீங்க?"

"உன் கையைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்குடா. நான் போறேன். என்னை விட்டுடு."

அவ்வளவுதான் சொன்னார். ஊரையே முன்னால் நிறுத்தி வைத்து, ஒரு கீறல் விழாத இந்தக் கையைப் பற்றி அப்படிச் சொல்லப்போகிறாராம். துண்டை வெந்நீரில் முக்கினேன், பிழியாமல் எடுத்தேன், நான்காக மடித்து முகத்தில் போட்டேன். எப்போதும் மூக்குக்கு இடம் விடுவேன், அன்று விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் ஆட்டம் இருந்தது. அசையாதீங்கப்பா, அசையாதீங்க என்று அவர் எங்களுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னேன். துண்டு ஆறுகிற வரைக்கும் எடுக்கவில்லை. சொன்னேனே, முடி மிருதுவாக வேண்டுமானால் அவசரப்படக் கூடாது.

ஆமாம், நான்தான் கொன்றேன். வேண்டுமானால் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பயந்தார் என்று மட்டும் எழுதாதீர்கள். அது பொய். தினமும் நான் ரேசரோடு குனியும்போது அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது சோப்பு பட்டு எரியும் என்பதற்காக. ஃபிளாஷுக்கு மூடுகிற மாதிரி, அது ஒரு பழக்கம், வேறொன்றும் இல்லை.

துண்டை எடுத்த பிறகு இமைகளைத் திறந்துவிட்டு, நுரை போட்டு, நிதானமாகச் சவரம் செய்தேன். வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் செய்ததில்லை. கையைக் கட்டியிருந்த ரிப்பனைக்கூட அவிழ்த்துவிட்டேன், அவர் தட்டிவிடவில்லை. நான் ரேசரோடு முகத்தருகே வந்தபோது முதல்முறையாக அப்பா கண்ணை மூடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.